பலகையைக் கேட்டுவிட்டுப் பிரைமர் வாங்குங்கள்

(ஜொகூர் பாருவில் தீபாவளிக்கு முந்தைய மாதம் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தீபாவளி நெருங்கிவிட்டது. நம் வீடுகளில் இப்போது என்ன பேச்சு நடக்கிறது? பலகாரம் எத்தனை வகை, பிள்ளைகளுக்கு உடுப்பு எங்கே எடுப்பது, வீட்டுக்கு என்ன சாயம் அடிப்பது. முன்கூடத்துச் சுவரைப் பேசி முடித்ததும் பார்வை குசினிக்குப் போகிறது. கேபினட் கதவுகள் மஞ்சளேறிக் கிடக்கின்றன. கைப்பிடியைச் சுற்றிக் கறுப்பு வளையம். புதுக் கேபினட் போட்டால் ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கரையும். சாயம் அடித்தால் சில நூறோடு முடியும். சரி என்று சாயக்கடைக்குக் கிளம்புகிறோம்.

கடையில் என்ன செய்கிறோம்? வண்ண அட்டையை விரிக்கிறோம். சாம்பலா, பச்சையா, பால் வெள்ளையா என்று கணவனும் மனைவியும் அரைமணி நேரம் வாதாடுகிறோம். பிரைமரைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறோம்? "அண்டர்கோட் ஏதாவது ஒன்று போட்டுக் கொடுங்கள்." அதோடு சரி. நான் இன்று பேச வந்திருப்பது அந்த 'ஏதாவது ஒன்றை'ப் பற்றித்தான்.

தீபாவளிக்கு அடித்த சாயம் தைப்பொங்கலுக்குள் கதவு விளிம்பில் உரிகிறது. நகத்தால் நெம்பினால் பிளாஸ்டிக் தாள் மாதிரி முழுசாக எழுந்து வருகிறது. உடனே எல்லாரும் யாரைத் திட்டுகிறோம்? சாயக் கம்பெனியை. சாயம் நல்ல சாயம்தான். அது பிடித்துக்கொள்ள அடியில் ஒன்றும் இல்லை, அல்லது தவறான ஒன்று இருந்தது. பிழை நடந்த இடம் அதுதான்.

பிரைமர் செய்கிற வேலை மூன்று. அடியில் இருக்கும் பரப்பைப் பற்றிக்கொண்டு, மேலே வரும் சாயத்துக்குப் பிடிமானம் கொடுப்பது ஒன்று. கறை, எண்ணெய், மரச்சாறு மேலே ஏறிவராமல் அடைப்பது இன்னொன்று. ஒரு இடம் சாயத்தை உறிஞ்சி, இன்னொரு இடம் உறிஞ்சாமல் திட்டுத்திட்டாகத் தெரியாதபடி பரப்பைச் சமன்படுத்துவது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே அளவில் சிறப்பாகச் செய்கிற டப்பா கடையில் கிடையாது. உங்கள் கேபினட்டுக்கு இவற்றில் எது முதல் தேவை? அதை யார் சொல்வார்? கடைக்காரர் சொல்ல முடியாது. அவர் உங்கள் குசினியைப் பார்த்ததில்லை. பலகைதான் சொல்லும். ஆகவே முதலில் பலகையைக் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது? ஒரு கதவைக் கழற்றுங்கள். பின்பக்கம் கீல் உட்கார்ந்திருக்கும் வட்டக் குழி ஒன்று இருக்கும். அதன் விட்டம் 35 மில்லிமீட்டர். கீலைக் கழற்றிவிட்டு அந்தக் குழிக்குள் விளக்கடித்துப் பாருங்கள். எந்தச் சாயமும் மெருகும் மறைக்காத உள்பலகை அங்கே தெரியும். மாவை அழுத்திச் செய்தது போல ஒரே சீராக, பழுப்பாக இருந்தால் எம்.டி.எஃப். மரச்சில்லுகள் தெரிந்தால் சிப்போர்டு. அடுக்கடுக்காக இருந்தால் பிளைவுட். நீளமாக ரேகை ஓடினால் மரம். இந்த ஒரு குழியைப் பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

மரம் என்றால் நம் ஜொகூரில் பெரும்பாலும் என்ன மரம்? ரப்பர் மரம். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேச அனுமதியுங்கள். இது நம் கதை.

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே அவற்றின் நாற்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் அந்தத் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்த ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பால் வெட்டும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதற்குப் பிறகு தீபகற்பம் முழுவதும் ரப்பர்க் காடாயிற்று. அந்தக் காட்டில் விடியுமுன் தலைவிளக்கு கட்டிக்கொண்டு பால் வெட்டியவர்கள் யார்? இந்த அவையில் இருப்பவர்களின் பாட்டன்மார், பாட்டிமார். அந்த மரம் 25, 30 ஆண்டுகள் பால் கொடுக்கும். பிறகு வெட்டிச் சாய்ப்பார்கள். வெகுகாலம் அது வெறும் விறகு. எரித்தார்கள், கரி சுட்டார்கள். வெட்டிய சில நாளில் பூஞ்சை பிடித்து நீலம் பாரிக்கும், வண்டு துளைக்கும் மரம் அது. காரணம், அதில் மாவுச்சத்து அதிகம். அறுத்தவுடன் போரான் கலவையைச் செலுத்தி, சூளையில் உலர்த்தினால் அது நல்ல மரச்சாமான் பலகை ஆகும் என்பதை நம் நாட்டு வன ஆய்வாளர்களும் ஆலைக்காரர்களும் கண்டு நிலைநிறுத்தினார்கள். இன்று இதே ஜொகூரின் மூவார், நாட்டின் மரச்சாமான் தொழிலுக்குத் தலைநகரமாக நிற்கிறது. பாட்டி பால் வெட்டிய மரத்தின் வழிவந்த பலகை பேத்தியின் குசினியில் கதவாகத் தொங்குகிறது. அந்தக் கதவுக்கு ஒரு ஒழுங்கான முதல் பூச்சு கொடுப்பதை நான் மரியாதையாகவே கருதுகிறேன்.

ரப்பர்ப் பலகை வெளிர் நிறம். கறை விடும் மரச்சாறு அதில் குறைவு. பிரைமருக்கு இதைவிட இணக்கமான மரம் நம் ஊரில் அரிது. நீரில் கரையும் அக்ரிலிக் வகை மரப் பிரைமர் இரண்டு மெல்லிய பூச்சு போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தண்ணீர் பட்டதும் மேல் நார்கள் எழுந்து, தடவினால் சொரசொரக்கும். பயப்பட வேண்டாம். உலர்ந்ததும் மெல்லிய மணல்தாளால் ஒரு தடவை இழுத்துவிட்டால் அடங்கிவிடும்.

பழைய வீடுகளில் மெர்பாவ் போன்ற செந்நிற மரங்கள் இருந்தால் கதையே வேறு. மெர்பாவ் பலகையில் மழை பட்டால் செம்பழுப்பு நீர் வழிந்து சிமெண்டுத் தரையைக் கறைப்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சாறுதான் உங்கள் வெள்ளைச் சாயத்தையும் ஊடுருவி மேலே வரும். நீர்ப் பிரைமரைப் பூசினால் அந்த நீரே சாறைக் கரைத்து மேலே இழுத்துவரும். மூன்று பூச்சு அடித்தாலும் மஞ்சள் நிழல் போகாது. அங்கே வேண்டியது அடைக்கும் பிரைமர். எண்ணெய் வகை அடைக்கும். அதைவிட உறுதியாக அடைப்பது அரக்குப் பிரைமர்.

அரக்கு நமக்குப் புதிய பொருளா? பாண்டவர்களுக்காகக் கட்டிய மாளிகை எதனால் ஆனது என்று கேட்டால் இங்குள்ள சிறுபிள்ளையும் சொல்லும். இந்திய மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. ஜார்க்கண்ட் இன்றும் அதற்குப் பெயர்பெற்ற இடம். 1924-லேயே ராஞ்சியில் அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. பாகவதர் பாட்டு கேட்ட அந்தக் காலக் கிராமபோன் தட்டுகள் அரக்குக் கலவையை அழுத்திச் செய்தவை. அந்த அரக்கை ஆல்கஹாலில் கரைத்து, வெள்ளை நிறமி சேர்த்தால் அரக்குப் பிரைமர். மரச்சாறு, புகைக்கறை, பழைய எண்ணெய் வாடை எல்லாவற்றையும் அது பூட்டிவிடும்; ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பூச்சுக்குத் தயாராகிவிடும். ஆனால் அரக்கு மாளிகை ஏன் பேர்பெற்றது? தீப்பிடித்ததால். ஆல்கஹால் ஆவியும் தின்னர் ஆவியும் கண்ணுக்குத் தெரியாமல் தரையோரம் படரும். கேஸ் தோம்பை அடைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, தோம்பையே வெளியே எடுத்து வைக்காமல் அந்த டப்பாவைக் குசினியில் திறக்காதீர்கள். கதவும் சன்னலும் திறந்திருக்கட்டும். சாமி விளக்கு குசினியில் எரிகிறதென்றால் அன்றைக்கு வேறு அறைக்கு மாற்றுங்கள். தாய்மார்களே, இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எம்.டி.எஃப்-க்கு வருவோம். மர நாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை; நம் மாநிலத்திலேயே பத்து பகாட் பக்கம் பாரிட் ராஜாவில் இதைச் செய்கிறார்கள். இதன் முகம் இறுக்கமானது; சாயம் அழகாக உட்காரும். வெட்டிய விளிம்புதான் தாகம் பிடித்தது. நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் குடித்துவிட்டுச் சொரசொரப்பாக நிற்கும். எனவே விளிம்புக்கு மட்டும் தனியாகப் பிரைமர்: ஒரு பூச்சு, உலர்ந்ததும் மணல்தாள், மறுபடி ஒரு பூச்சு, மறுபடி மணல்தாள். அதற்குப் பிறகுதான் முகத்துக்குப் போகவேண்டும். இதைச் செய்யாமல் நேராகச் சாயம் அடித்த எம்.டி.எஃப் கதவைத் தூரத்தில் இருந்தே கண்டுபிடித்துவிடலாம். முகம் பளபளக்கும், ஓரம் மங்கிக் கிடக்கும்.

இப்போது நம் தாமான் வீடுகளில் மிகுதியாக இருப்பது எது? மெலமைன் ஒட்டிய சிப்போர்டும், ஃபார்மிகா ஒட்டிய பிளைவுட்டும். வழவழப்பான பரப்பு, ஒரு துளியையும் உறிஞ்சாது. மரத்துக்கென்று விற்கும் சாதாரண பிரைமர் இதில் நிற்காது, ஏனென்றால் அது நுழைந்து பிடிக்க நுண்துளையே இல்லை. இதற்கு 'பாண்டிங் பிரைமர்' என்று கேட்டு வாங்குங்கள். டப்பாவைத் திருப்பி, ஓடு, கண்ணாடி, லேமினேட் போன்ற பரப்புகளின் பெயர் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். எழுதியிருந்தால் எடுங்கள், இல்லையென்றால் திருப்பி வையுங்கள். எவ்வளவு உயர்ந்த பாண்டிங் பிரைமரானாலும், பளபளப்பை மணல்தாளால் மங்கடிக்காமல் பூசினால் பயன் இல்லை.

கதவின் மேல் ஒட்டிய பி.வி.சி. தாள் அடுப்புப் பக்கம் சூட்டில் உப்பி எழுந்திருக்கிறதா? அதன் மேல் எதையும் பூசாதீர்கள். தாளே எழுந்து வருகிறபோது அதன் மேலுள்ள பிரைமர் எதைப் பற்றிக்கொள்ளும்? சூடுகாட்டித் தாளை முழுதாக உரித்துவிட்டு, அடியில் இருக்கும் எம்.டி.எஃப்-ஐ எம்.டி.எஃப்-ஆக நடத்துங்கள்.

இன்னொன்று. சுவருக்கு அடித்து மிஞ்சிய சீலர் வாளி பின்கட்டில் கிடக்கும். "அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை, அதையே அடித்துவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். சொல்லத்தான் செய்வார்கள், காசு மிச்சமாகிறதே. சுவர் சீலர், சிமெண்டின் காரத்தைத் தாங்குவதற்காகச் செய்தது. வழவழப்பான கதவைப் பற்றிக்கொள்வது அதன் வேலை இல்லை. தயவுசெய்து வேண்டாம்.

நண்பர்களே, பலகையைக் கேட்டாயிற்று, பிரைமர் வாங்கியாயிற்று. உடனே பூசிவிடலாமா? கூடாது. நம் வீட்டுக் குசினியில் வேறொரு எதிரி இருக்கிறது. மேலைநாட்டார் எழுதிய கையேடுகள் அதை ஒரு வரியில் கடந்துபோகும். நாம் கடந்துபோக முடியாது.

நம் சமையல் என்ன சமையல்? கடுகு தாளிப்பு, சம்பால் வதக்கல், அப்பளம், முறுக்கு, மீன் பொரியல். எண்ணெய் நுண்துளியாக எழுந்து கதவில் படிகிறது. அடுப்புச் சூட்டிலும் காற்றிலும் அது நாளடைவில் கெட்டியாகி, துணியால் துடைத்தாலும் போகாத படலமாகிறது. தோசைக்கல்லை எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்குகிறீர்களே, அங்கே நடப்பதும் இதே வேலைதான். பழகிய கல்லில் மாவு ஒட்டாமல் எழுந்து வரும். அதற்காகத்தானே பழக்குகிறோம்? அதே படலம் படிந்த கதவில் பிரைமரும் ஒட்டாமல் எழுந்து வரும்.

அதனால் கழுவுங்கள். வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு முதல் தடவை. அடுப்புக்கு மேலேயும் பக்கத்திலும் உள்ள கதவுகளுக்குச் சலவைச் சோடாக் கரைசலால் இரண்டாம் தடவை, கையுறை போட்டுக்கொண்டு. பிறகு நல்ல தண்ணீரால் நன்றாக அலசித் துடையுங்கள், சோடா தங்கினால் அதுவே பிடிமானத்தைக் கெடுக்கும். கழுவியது போதுமா என்று எப்படித் தெரியும்? கதவில் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் மணிமணியாகத் திரண்டு ஓடினால் எண்ணெயோ மெழுகோ இன்னும் இருக்கிறது. ஒரே படலமாகப் பரவி நின்றால் சரி. வழவழப்பான மெலமைனில் தண்ணீர் கொஞ்சம் திரளத்தான் செய்யும். அங்கே மணல்தாள் போட்ட பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முன்பு சிலிக்கோன் கலந்த மெருகுத் திரவம் தெளித்துத் துடைத்த கதவாக இருந்தால் இன்னும் கூடுதலாகக் கழுவவேண்டும். இல்லையென்றால் பிரைமர் மீன்கண் மீன்கண்ணாக விலகி நிற்கும்.

கழுவிய பிறகே மணல்தாள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். எண்ணெயோடு தேய்த்தால் அதைக் கீறலுக்குள் அழுத்தி விடுவீர்கள். 180 அல்லது 220 எண் தாள் போதும். பலகையைக் குறைப்பது நோக்கமில்லை. பளபளப்பு போய், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முகம் முழுதும் ஒரே மங்கலாகத் தெரிந்தால் நிறுத்தலாம். தூசியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழைய வீடு, பல அடுக்குப் பழைய எண்ணெய்ச் சாயம் என்றால் அதில் ஈயம் இருக்கலாம். அக்காலத்து இளஞ்சிவப்பு மரப் பிரைமரின் நிறமே ஈயச் செந்தூரமும் ஈய வெள்ளையும் கலந்ததால் வந்தது. அமெரிக்கா 1978-இல் வீட்டுச் சாயத்தில் ஈயத்துக்குத் தடை போட்டது; இன்று அங்கே வரம்பு 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு. இந்தியாவும் அதே 90-ஐ 2017-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதற்காகத் தொடர்ந்து குரல் கொடுத்து வருகிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தரையில் தவழும் பிள்ளையின் மூளையைத்தான் அது முதலில் தாக்கும். அப்படிப்பட்ட கதவை உலர்தாளால் தேய்த்துத் தூசி பறக்கவிடாதீர்கள். நீர்த்தாளால் நனைத்துத் தேய்த்து, கசடைத் துணியில் வழித்து, பையில் கட்டிப் போடுங்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண்ணோ கைக்குழந்தையோ இருந்தால் அந்த வேலையை அவர்கள் இல்லாத நாளுக்குத் தள்ளிவையுங்கள். இதில் சமரசம் கூடாது.

அடுத்து வானிலை. நாம் இருப்பது ஜொகூர். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். வெயில் ஏறி மழை இல்லாத நண்பகலில் 60, 70-க்கு இறங்கும். தீபாவளி வருவதோ அக்டோபர், நவம்பரில். மாலையானால் இடி மழை. பிரைமர் டப்பாக்கள் பலவற்றில் 85 விழுக்காட்டுக்கு மேல் பூசாதே என்று எழுதியிருக்கும். பூச்சுத் தொழிலில் இன்னொரு கணக்கும் உண்டு: பூசும் பரப்பின் சூடு, பனி படியும் நிலையைவிட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்கவேண்டும். ஆக, நமக்குக் கிடைப்பது காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடைப்பட்ட நேரம். வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்கு, வெளியே மழை கொட்டும்போது, நாளைக்கு உறவுக்காரர் வருகிறார் என்று அவசரமாகப் பூசுவதுதான் பாதிச் சீரழிவுக்குக் காரணம். அரக்குப் பிரைமர் அந்த ஈரத்தில் வெண்மை பூத்துப்போகும். நீர்ப் பிரைமர் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே நிற்கும்.

இப்போது பூசலாம். கதவுகளைக் கழற்றுங்கள். எந்தக் கதவு எந்த இடம் என்று எண் போடவேண்டும். அந்த எண்ணை எங்கே எழுதுவது? நான் முதலில் சொன்ன கீல் குழிக்குள் எழுதுங்கள். சாயம் அங்கே போகாது, கீல் மூடிக்கொள்ளும். மேசைமேல் நான்கு பாட்டில் மூடிகளைக் கவிழ்த்து, அவற்றின் மேல் கதவைப் படுக்கவையுங்கள். முதலில் சின்னப் பிரஷ்ஷால் பள்ளங்கள், விளிம்புகள். பிறகு நான்கு அங்குல நுரை ரோலரால் தட்டையான முகம். மெல்லியதாக, ஒரே திசையில், இழுத்து முடித்துவிட்டு விலகுங்கள். உலரத் தொடங்கிய இடத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டால் வரி வரியாக இழுபடும். முதல் பூச்சில் பழைய நிறம் தெரியத்தான் செய்யும். தெரியட்டும்! அதை மறைக்கவேண்டும் என்று தடியாக அப்பாதீர்கள். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு உறுதி.

உலர்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது போதாது. 220 எண் தாளை எடுத்து மெதுவாக ஒரு தடவை இழுங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் உலர்ந்துவிட்டது. தாளில் பிசுபிசுவென்று உருண்டு ஒட்டிக்கொண்டால் இன்னும் உலரவில்லை. மூடிவைத்துவிட்டு நாளைக்கு வாருங்கள். எண்ணெய்ப் பிரைமருக்கு ஒரு முழு இரவாவது வேண்டும். எண்ணெய்ப் பிரைமர் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அவை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவிட்டுப் போடுங்கள்.

எவ்வளவு வாங்குவது? 40-க்கு 70 சென்டிமீட்டர் கதவு 20 என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் சேர்த்து 11 சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஒரு லிட்டர் பிரைமர் பொதுவாக 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். இரண்டு பூச்சு, சட்டங்கள், விளிம்புகள் எல்லாம் சேர்த்து இரண்டரை லிட்டர் தாராளம். கேபினட்டின் உள்பக்கம் மெலமைனாக நன்றாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. அரிசி டின்னும் பாட்டிலும் உரசி அங்கே எந்தச் சாயமும் நெடுநாள் நிற்காது.

எல்லாக் கதவையும் பூசுவதற்கு முன்னால் ஒரே ஒரு கதவின் பின்பக்கத்தில் சோதனை செய்யுங்கள். இதை இப்போது மேடையிலேயே காட்டுகிறேன். என் கையில் இருப்பது பழைய மெலமைன் கதவின் இரண்டு துண்டு. ஒன்றில் கழுவாமல், தேய்க்காமல் பிரைமரும் சாயமும். இன்னொன்றில் கழுவி, தேய்த்து, அதே பிரைமர், அதே சாயம். கூரிய கத்தியால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு கீறுகிறேன். குறுக்கே இன்னும் ஆறு. 25 சின்னக் கட்டங்கள் வந்துவிட்டன. ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பு. முதல் துண்டைப் பாருங்கள், கட்டங்கள் பெரும்பாலும் நாடாவோடு வந்துவிட்டன. அம்மா, இதை அப்படியே பின்வரிசைக்கு அனுப்புங்கள். இரண்டாவது துண்டில் கோடுகள் மட்டும் இருக்கின்றன, கட்டம் ஒன்றும் போகவில்லை. ஆய்வகங்களில் ஐ.எஸ்.ஓ. 2409 என்று எண் கொடுத்து நடத்துகிற சோதனை இதுதான். உங்கள் வீட்டில் ஒரு கத்தியும் நாடாவும் இருந்தால் போதும். பிரைமர் பூசி இரண்டு மூன்று நாள் இறுகவிட்டுச் செய்யுங்கள்.

இவ்வளவும் சொன்ன நான் ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பிரைமரால் முடியாத காரியமும் உண்டு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் பக்கம் வெள்ளம் இரண்டு தடவை வந்தது. 2023 மார்ச்சில் மறுபடியும் சிகாமட்டும் பத்து பகாட்டும் மூழ்கின. அங்கே சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். வெள்ளத்தில் ஊறிய சிப்போர்டும் எம்.டி.எஃப்-ம் உப்பிவிட்டால் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அதன் மேல் எந்தப் பிரைமரைப் பூசினாலும் காசுதான் கரையும். அந்தப் பலகையை மாற்றுங்கள். பிளைவுட்டும் மரமும் தப்பலாம். ஆனால் வாரக்கணக்கில் காற்றாட உலர்த்தவேண்டும், உள்ஈரம் இருக்கும்போதே பூசி மூடினால் கொப்புளம் கிளம்பும். வெள்ளம் வடிந்த வீட்டைச் சீக்கிரம் பழையபடி பார்க்கவேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. அந்தத் தவிப்பை வைத்து அவசர வேலை செய்து பணம் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மிஞ்சிய தின்னரையும் பிரஷ் கழுவிய கழிவையும் என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றிவிடுகிறோம். ஜொகூர்க்காரர்கள் அப்படிச் செய்யலாமா? 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் நடந்ததை மறந்துவிட்டோமா? சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ கள்ளத்தனமாகக் கொட்டிய இரசாயனக் கழிவு காற்றில் கலந்து, வகுப்பறையில் இருந்த பிள்ளைகள் மூச்சுத்திணறினார்கள். ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், 111 பள்ளிகளை மூடினார்கள். அது ஆலைக் கழிவு, நம்முடையது அரை டப்பாதான் என்று சொல்லவேண்டாம். தின்னரை மூடிவைத்தால் கசடு அடியில் தங்கும். தெளிந்ததை அடுத்த தடவை பயன்படுத்தலாம். மிஞ்சிய பிரைமரை மணலிலோ மரத்தூளிலோ கலந்து கெட்டியாக்கிவிட்டுப் போடுங்கள். ஓடைக்குப் போகவேண்டியது தண்ணீர் மட்டும்.

கடைசியாக, ஆள் வைத்து வேலை வாங்கப் போகிறவர்களுக்கு. கொட்டேஷன் தாளை வாங்கிப் பாருங்கள். "கேபினட் சாயம், 2 கோட்" என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கழுவுவது அதில் இருக்கிறதா? மணல்தாள் வேலை இருக்கிறதா? பிரைமர் என்ன வகை, என்ன பெயர், எத்தனை பூச்சு? இவற்றைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல சாயத் தொழிலாளி இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். தன் வேலையை மதிக்கிற வீடு என்று மகிழ்வார். கூடுதலாக இரண்டு நாள் கூலி கேட்டால், அந்த இரண்டு நாள் எதற்கு என்று இப்போது உங்களுக்குத் தெரியும். பேரம் பேசி அதை வெட்டாதீர்கள்.

நாளையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நீர்வகைச் சாயம் தொட்டால் உலர்ந்த மாதிரி இருக்கும். முழுதாக இறுகி முடிய மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். கதவு மாட்டிய முதல் சில நாள் அழுத்தி மூடாமல், ஈரத்துணியால் தேய்க்காமல் விடவேண்டும். அப்படியானால் தீபாவளிக்கு முறுக்குப் பிழிகிற நாளுக்கு ஒரு மாதம் முன்பே பிரைமர் வேலை தொடங்கியாக வேண்டும். வருகிற சனிக்கிழமை வீட்டில் இருக்கிறீர்களா? ஒரு திருப்புளியை எடுங்கள், அடுப்புக்குப் பக்கத்துக் கதவைக் கழற்றுங்கள், அந்தக் குழிக்குள் விளக்கடித்துப் பாருங்கள். என்ன பலகை என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.